வளையம் உடையும் ஏஞ்சல் மீன்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் கட்டைவிரல் அளவில் வாங்கிய எம்பரர் ஏஞ்சல் என்னும் கடல் மீன் இப்போது நான்கு அங்குலம் வளர்ந்திருக்கிறது. கருநீல உடலில் இருந்த வெள்ளை வளையங்கள் ஆங்காங்கே உடைந்து, முதுகிலும் வாலிலும் மஞ்சள் படர்கிறது. பூஞ்சை என்று சொல்லி மெத்திலீன் ப்ளூ என்னும் நீல மருந்தை ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: ஊற்றாதீர்கள். உங்கள் மீன் நோயுறவில்லை, பருவம் எய்துகிறது. இந்த இனத்தின் குஞ்சுக்குக் கருநீல உடலில் ஒன்றனுள் ஒன்றாக வெள்ளை வளையங்கள் இருக்கும். வளர்ந்த மீனுக்கு மஞ்சளும் நீலமுமான கிடைக்கோடுகளும், கண்ணை மறைக்கும் கரிய பட்டையும், மஞ்சள் வாலும் அமையும். ஏறக்குறைய 8 முதல் 12 செ.மீ. நீளத்தில் தொடங்கும் இம்மாற்றம் முழுமை பெற, தொட்டியில் இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், இடைப்பட்ட காலத்தில் மீன் அழுக்குப் படிந்ததுபோலத் தோன்றுவது இயல்பே. தமக்கென எல்லை வகுத்து வாழும் பெரிய மீன்கள் தம் நிறத்தவரையே முதலில் விரட்டும் என்பதால், குஞ்சின் வேற்று நிறம் அதற்குக் காப்பாக அமைகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

உங்கள் தொட்டியில் நடப்பது அறிவியலிலும் இடம்பெற்ற ஒன்று. இரசாயனப் பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து பரவுவதால் உயிரினங்களின் உடலில் கோலங்கள் உருவாகலாம் என்று ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952இல் கணித வழியில் கூறியிருந்தார். 1995இல் ஷிகெரு கோண்டோ, ரிஹிதோ அசாய் என்னும் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஏஞ்சல் மீன்கள் வளரும்போது எடுத்த படங்களை அக்கணக்கோடு ஒப்பிட்டு, ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வெளியிட்டனர். எம்பரர் மீனில் கோடுகள் கிளைக்கும் இடம் ஜிப் திறப்பதுபோல் மெல்ல நகர்ந்து ஒரு கோட்டை இரண்டாக்குவதையும், அதன் உறவான கொரான் ஏஞ்சலின் குஞ்சு இருமடங்கு வளரும்போது பழைய கோடுகளுக்கு நடுவே புதியவை முளைப்பதையும் அவர்கள் காட்டினர். தோலின் கோலம் ஒருமுறை அச்சிட்டதோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பூஞ்சையானால் தோலுக்கு மேலே பஞ்சுபோல் துருத்தி நிற்கும். நிறமாற்றமோ தோலோடு தட்டையாக, பெரும்பாலும் இரு பக்கமும் ஒத்து வரும். மீன் வழக்கம்போல் இரை எடுக்கும். கண்ணைச் சுற்றியும் பக்கவாட்டுக் கோட்டின் (உடலின் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் உணர்வுறுப்பு) வழியாகவும் வெளிறிய குழிகள் விழுந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது சத்துக்குறைவோடும் நீரின் தரக்குறைவோடும் தொடர்புடைய தோல் அரிப்பு. மெத்திலீன் ப்ளூவை முதன்மைத் தொட்டியில் ஊற்றினால், ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் நற்பாக்டீரியாக்கள் பாதிக்கப்பட்டு, இல்லாத நோய்க்கு இட்ட மருந்தே மீனுக்குக் கேடாகிவிடும்.

கேள்வி: என் எம்பரர் முழுமையாக மாறிவிட்டது. ஆனால் மஞ்சள் கோடுகள் சோகை பிடித்தாற்போல் இருக்கின்றன. தொட்டி நான்கடி நீளம். காசிமேட்டிலிருந்து கடல்நீர் எடுத்துவந்து மாற்றுகிறேன். நிறம் ஏற நீல விளக்கு போடலாமா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நீல விளக்கு உங்கள் கண்ணுக்குத்தான் நிறம் கூட்டும், மீனுக்கு அன்று. நீலம், தோல் செல்களில் உள்ள நுண்தகடுகள் ஒளியைத் திருப்பும் விதத்தால் தோன்றுவது. மஞ்சளோ கரோட்டினாய்டு நிறமிகளைச் சார்ந்தது. அவற்றை மீன் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது, இரையிலிருந்துதான் பெற வேண்டும். பவளப்பாறைகளில் இம்மீன் பெரும்பாலும் கடற்பஞ்சுகளையே மேய்கிறது. ஆகவே ஒரே குருணைத் தீவனத்தை நம்பாமல், நோரி என்னும் உலர்ந்த கடற்பாசி, ஸ்பைருலினா என்னும் நுண்பாசி, ஓட்டோடு நறுக்கிய இறால், மட்டிச் சதை, கிடைத்தால் கடற்பஞ்சு சேர்த்த உறைந்த தீவனம் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பலன் தெரியச் சில மாதங்கள் பிடிக்கும்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய நீரை எடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். படகுகளின் டீசலும் எண்ணெயும் கழிவும் கலக்கும் இடம் அது. ஆர்.ஓ. நீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்துப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. சித்திரை, வைகாசியில் நம் பகுதி வீடுகளில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். 24 முதல் 27 டிகிரிக்குள் வைக்க, நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி தேவைப்படும்.

நான்கடி தொட்டி, ஒன்றரை அடி அகலமும் உயரமும் என்றால் சுமார் 255 லிட்டர்தான் கொள்ளும். 40 செ.மீ. வரை வளரும் மீனுக்கு அது போதவே போதாது. என் கருத்தில் ஆயிரம் லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் இதை வைத்திருப்பது நியாயமன்று. இடம் இல்லையெனில், பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் இப்போதே ஒப்படைத்துவிடுங்கள். கடலில் மட்டும் விடாதீர்கள்.