தேக்கமும் பயிற்சியும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 35. ஒரு நிறுவனத்தில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாதாந்திர ரிப்போர்ட்களைத் தயாரிப்பதும், அவற்றை மீட்டிங்கில் விளக்குவதும் என் பொறுப்பு. முதல் இரண்டு ஆண்டுகள் வேகமாகக் கற்றுக்கொண்டேன். அதன்பின் அப்படியே நிற்கிறேன். பதவி உயர்வு இரண்டு முறை கைநழுவிப் போயிற்று. எழுத்தில் தெளிவு போதாது என்று மேனேஜர் சொன்னார். எனக்குப் பின்னால் சேர்ந்தவர் இப்போது எனக்கு மேலே இருக்கிறார்.

சுயமுன்னேற்ற நூல்களை நிறைய வாசிக்கிறேன். காலை நான்கு மணிக்கு எழுந்து பார்த்தேன். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள். ஒன்பதாம் நாளே விட்டுவிட்டேன். எனக்கு மனஉறுதி இல்லையோ? இந்த வயதுக்குமேல் வளர முடியுமா? இல்லை, வேலையை மாற்றுவதுதான் வழியா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில்தான் என் கண் நின்றது. முதல் இரண்டு ஆண்டுகள் கற்றுக்கொண்டேன், அதன்பின் அப்படியே நிற்கிறேன் என்கிறீர்கள். இந்தத் தேக்கத்தைப் பற்றித்தான் சில வாரங்களாக வாசித்துக்கொண்டும் யோசித்துக்கொண்டும் இருக்கிறேன். ஆகவே அதைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடலாம். நான்கு மணிக்கு எழுவதற்கும் அறிக்கையின் தெளிவுக்கும் சம்பந்தமில்லை. தூக்கம் குறைந்தால் கவனம் குறையும், அவ்வளவுதான் கிடைக்கும். உடன் வேலை செய்பவர் எந்தப் படியில் இருக்கிறார் என்பதை விட்டுவிடுங்கள், அதிலிருந்து நீங்கள் கற்க ஒன்றுமில்லை. 35 வயது நீங்கள் கேட்கும் காரியத்துக்குத் தடையே அல்ல.

21 நாள் கணக்குக்கு ஆதாரம் கிடையாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். ஆளுக்கு ஒரு சிறு செயல், தினமும் ஒரே சூழலில். அது தன்னிச்சையாக நடக்கும் நிலையை எட்ட 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். நடு மதிப்பு 66 நாள். இடையில் ஒருநாள் விடுபட்டால் பெரிய பாதிப்பில்லை என்பதையும் பார்த்தார்கள். ஒன்பதாம் நாள் தவறியதை வைத்து உங்கள் குணத்துக்கே தீர்ப்பு எழுதியிருக்கிறீர்களே, அது உங்களுக்கு நீங்களே செய்த அநியாயம். பத்தாம் நாள் தொடர்ந்திருக்கலாம்.

இப்போது தேக்கம்.

1897இல் வில்லியம் லோ பிரையனும் நோபிள் ஹார்ட்டரும் தந்தி கற்பவர்களை ஆராய்ந்து எழுதினார்கள். தந்தி அனுப்பும் வேகம் ஓரளவு சீராக ஏறிக்கொண்டே போயிற்று. காதால் கேட்டு எழுதும் வேகம் அப்படி இல்லை. கொஞ்சம் ஏறியது, பல வாரங்கள் அசையாமல் நின்றது, பிறகு மறுபடி ஏறியது. முதலில் எழுத்து எழுத்தாகவும், பின் சொல் சொல்லாகவும், அதன்பின் தொடர் தொடராகவும் கேட்கப் பழகுகிறார்கள் என்றும், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போவதற்கு முன் இந்தத் தேக்கம் வருகிறது என்றும் அவர்கள் விளக்கினார்கள். இதை வைத்துக்கொண்டு பலரும் தேக்கம் இயற்கையானது, பொறுமையாக இருந்தால் தானே விலகும் என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் பின்னாளில் மோர்ஸ் (தந்தியில் புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் முறை) கற்றவர்களின் பதிவுகளில் அந்தத் தேக்கம் தென்படவில்லை. 1958இல் ஃபிரெட் கெல்லர் என்ற உளவியலாளர் அதை மாயச் சமதளம் என்றே எழுதினார். தேக்கம் எல்லோரும் கடந்தே ஆகவேண்டிய கட்டம் அல்ல. கற்ற முறையைப் பொறுத்தது அது.

எப்படி என்பதற்கும் மோர்ஸிலேயே தெளிவான உதாரணம் இருக்கிறது. புள்ளியும் கோடும் அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து மனப்பாடம் செய்து கற்றவர், ஒலி வந்ததும் அதிலுள்ள புள்ளிகளையும் கோடுகளையும் எண்ணுகிறார். பிறகு மனதிலுள்ள அட்டவணையில் தேடி எழுத்தைக் கண்டுபிடிக்கிறார். சொல்லுக்கு ஐந்து எழுத்து என்று வைத்தால், நிமிடத்துக்கு 10 சொல் வேகத்தில் ஓர் எழுத்துக்கு 1.2 வினாடி கிடைக்கும். அதற்குள் எண்ணித் தேடி எழுதிவிடலாம். 20 சொல் வேகத்தில் 0.6 வினாடிதான். அதற்குள் எண்ணவே முடியாது. அதனால் இப்படிக் கற்றவர்கள் 10 சொல்லை ஒட்டி நின்றுவிடுகிறார்கள். தினம் நான்கு மணிநேரம் உட்கார்ந்தாலும் நகர்வதில்லை. மனஉறுதியைக் கூட்டினால், வேகமாக எண்ணப் பழகுவார்கள், அவ்வளவுதான்.

லுட்விக் கோக் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1930களில் வேறு வழி சொன்னார். இறுதியில் எட்டவேண்டிய வேகத்திலேயே தொடங்க வேண்டும், ஆனால் இரண்டே இரண்டு எழுத்துகளோடு. எண்ண நேரமே இல்லாததால் காது அந்த எழுத்தின் முழு ஒலியைப் பிடிக்கப் பழகும். நூற்றுக்குத் தொண்ணூறு சரியானால் மூன்றாவது எழுத்து. மறுபடி தொண்ணூறு, நான்காவது எழுத்து. வேகம் மாறாது, எழுத்துகள்தான் கூடும்.

இதில் கசப்பான பகுதி ஒன்று இருக்கிறது, உங்களுக்கு அதுதான் முக்கியம். ஏற்கெனவே எண்ணி எண்ணி 10 சொல் வரை வந்தவர் இந்த வழிக்கு மாறினால், முதல் வாரம் இரண்டு எழுத்து மட்டுமே தெரிந்தவராக ஆகிவிடுகிறார். நேற்று முழுச் செய்தியை வாங்கியவருக்கு இன்று ஒரு சொல் பிடிபடவில்லை. இரண்டு விரலால் வேகமாகத் தட்டச்சு செய்பவர் பத்து விரலுக்கு மாறும்போதும் இதே சரிவுதான். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் பழைய முறைக்குத் திரும்பி, தனக்கு மனஉறுதி இல்லை என்று சொல்லிக்கொள்கிறார்கள். குறை மனஉறுதியில் இல்லை. சரிவு வரும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை, சரிவைத் தாங்கும் இடத்தையும் அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

புள்ளிகளை எண்ணுவதைப்போல உங்களைப் பிடித்து வைத்திருக்கும் பழக்கம் எது? நீங்கள் எழுதியதைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் வேகமாக வளர்ந்து பின் நின்றுபோகும் அறிக்கை எழுத்தாளர்களிடம் மிகுதியாகக் காணப்படும் கோளாறு ஒன்று உண்டு. வேலை செய்த வரிசையிலேயே எழுதுவது. தரவை எங்கிருந்து எடுத்தேன், எப்படிச் சரிபார்த்தேன், அட்டவணைகள், கடைசிப் பக்கத்தில் முடிவு. புதிதாகச் சேர்ந்தவருக்கு இது சரியான முறை. மேலாளர் அவருடைய வேலையைச் சோதிக்கவேண்டும், வரிசையாக இருந்தால் சோதிப்பது எளிது, பாராட்டும் கிடைக்கும். எட்டாம் ஆண்டில் யாரும் உங்களைச் சோதிப்பதற்காகப் படிப்பதில்லை. எதை முடிவு செய்யவேண்டும் என்று தெரிந்துகொள்ளப் படிக்கிறார்கள். உங்களை இரண்டு ஆண்டில் வளர்த்த அதே முறை ஆறு ஆண்டுகளாக உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

கடைசியாக எழுதிய ஆறு அறிக்கைகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் வந்த மின்னஞ்சல்களையும் மீட்டிங்கில் எழுந்த கேள்விகளையும் பக்கத்தில் எழுதுங்கள். எந்த வரியைப் படித்து அந்தக் கேள்வி வந்திருக்கும் என்று அடிக்கோடிடுங்கள். கேள்விகளை வகை பிரியுங்கள்: முடிவு பிந்தி வந்தது, எண்ணுக்கு ஒப்பீடு இல்லை, ஒரே பொருளுக்கு இரண்டு பெயர், யார் செய்யவேண்டும் என்பது விடுபட்டது. எது அதிகமோ அதை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தப் போனால் எது மாறியதால் எது சரியானது என்று தெரியாமல் போகும்.

முடிவு பிந்தி வருவதுதான் உங்கள் குறை என்று வைத்துக்கொள்வோம். தினம் 20 நிமிடம் போதும். ஒரு பழைய அறிக்கையை எடுத்து அதன் முதல் பத்தியை மட்டும் 80 சொற்களுக்குள் புதிதாக எழுதுங்கள். என்ன முடிவு தேவை, யாரிடமிருந்து, எப்போதைக்குள், தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்ற நான்கும் அதில் இருக்கவேண்டும். அந்த வேலையைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், ஆம் என்றுதான் சொல்வார்கள். தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, இதைப் படித்தவர் என்ன செய்யவேண்டும் என்று கேளுங்கள். தடுமாறினால் அந்தப் பத்தி தோல்வி. எந்தச் சொல்லில் தடுமாறினார் என்று குறித்துக்கொண்டு மறுநாள் அதையே திரும்ப எழுதுங்கள். பத்தில் ஒன்பது தேறியபின் அடுத்த குறைக்குப் போகலாம்.

பழைய அறிக்கை என்று சொல்வது காரணத்தோடுதான். நாளை காலை அனுப்பவேண்டிய அறிக்கையில் புதிய முறையைப் பழகினால் கெடு நெருங்கும்போது கை பழைய முறைக்கே ஓடும். நெருக்கடியில் ஊறிய வழக்கம்தான் முதலில் எழும். சரிவும் எல்லோர் கண்ணிலும் படும். பழைய தாளில் தோற்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளமையில் உரைநடை பழகிய முறையும் இதற்கு நெருக்கமானது. தனக்குப் பிடித்த ஒரு லண்டன் இதழின் கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிறு குறிப்பு எழுதி வைப்பார். சில நாள் கழித்து மூலத்தைப் பார்க்காமல் குறிப்புகளிலிருந்து கட்டுரையைத் திரும்ப எழுதுவார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் பிழைகளைத் திருத்துவார். சில வேளைகளில் குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்திப் பார்ப்பார். எண்ணங்களை ஒழுங்குபடுத்தப் பழகுவதற்காக. உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டும் ஓர் அறிக்கை இருந்தால் அதை வைத்து இதைச் செய்யுங்கள்.

சுயமுன்னேற்ற நூல்களை மூன்று மாதம் மூடி வையுங்கள். கண்டிப்பாகவே சொல்கிறேன். வாசித்து முடித்த மாலையில் வளர்ந்துவிட்ட உணர்வு வருகிறது, மறுநாள் அறிக்கையில் ஒரு வாக்கியம்கூட மாறுவதில்லை. பொதுவாக முன்னேறுவது என்று ஒன்றைத் தேடித்தான் இத்தனை ஆண்டு போயிற்று. பயிற்சி பெறும் திறமை மிகக் குறுகியது. எரிக்சன், சேஸ் என்ற உளவியலாளர்கள் ஒரு மாணவருக்கு எண்களை நினைவில் வைக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 230 மணிநேரத்துக்கு மேற்பட்ட பயிற்சியில், ஒருமுறை கேட்டு 7 எண்களைச் சொன்னவர் 79 எண்களைச் சொன்னார். 1980இல் அந்த ஆய்வு வெளியானது. எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்ததும் ஆறுக்கு இறங்கிவிட்டார். அவர் வளர்ந்தது எண்களில் மட்டும். அதனால்தான் எதில் வளரவேண்டும் என்பதை ஒரு பத்தி அளவுக்குச் சுருக்கச் சொல்கிறேன்.

இன்னொன்றும் எனக்கு வருத்தம். தெளிவு போதாது என்று மேலாளர் சொன்னபோது எந்த வரியில் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு குறிப்பே இல்லை. அவர் சொன்னதை மனதில் காயமாக வைத்துக்கொண்டீர்கள், தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் வலித்திருக்கும், புரிகிறது. ஆனால் உங்களுக்கு வேண்டிய பதில் அவர் கையில் இருந்தது.

எல்லாத் தடையும் திறமைக் குறைவால் வருவதல்ல. உடல்நலம், வீட்டுப் பொறுப்பு, பாரபட்சமான மேலிடம் ஆகியவை 20 நிமிடப் பயிற்சியால் தீராது. அவற்றுக்காக உங்களை நீங்கள் திட்டிக்கொள்ளாதீர்கள்.

வேலையை மாற்றுவதா என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த அறிக்கையைக் கொடுக்கும்போது மேலாளரிடம், இதில் நீங்கள் இரண்டாம் முறை படிக்கவேண்டியிருந்த ஒரு வரியை மட்டும் காட்டுங்கள் என்று கேளுங்கள். விரல் வைத்துக் காட்டினால் இருங்கள், அந்த ஆளிடம் கற்க முடியும். மூன்று அறிக்கைகளுக்குப் பிறகும் ஒரு வரியைக் காட்டாமல் தெளிவு போதாது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், இந்த வேலையில் இருந்துகொண்டே வேறு இடத்துக்கு விண்ணப்பம் போடத் தொடங்குங்கள். அங்கே நேர்முகத் தேர்வில், என் எழுத்தை யார் திருத்துவார்கள், எத்தனை நாளில் என்று நீங்களும் அவர்களிடம் கேளுங்கள்.