பிடித்தவன் ஏன் விட்டான்?

அன்புள்ள ஐயா,

'ஐ சா த டெவில்' கொரியப் படத்தை நண்பர்கள் சொல்லி, போன வாரம் பார்த்தேன். தனக்கு நிச்சயமான பெண்ணைக் கொன்ற சீரியல் கில்லரை ஒரு உளவுத்துறை ஏஜென்ட் தேடிப் பிடிக்கிறான், அடிக்கிறான், விட்டுவிடுகிறான். மறுபடி பிடிக்கிறான். முதல் பாதியில் அவன் அடித்த ஒவ்வொரு அடியும் எனக்குத் திருப்தியாக இருந்தது. அப்புறம் எங்கேயோ அந்தத் திருப்தி போய், அவன் மேலேயே கோபம் வந்துவிட்டது. வேட்டைக்காரன் எங்கே இரையாகிறான் என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறேன், பிடிபடவில்லை. என் கோபம் நியாயமானதுதானா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கோபம் நியாயமானது. கிம் ஜீ-வூன் 2010இல் எடுத்த இந்தப் படம் அந்தக் கோபத்தை நோக்கித்தான் நகர்கிறது என்று நினைக்கிறேன். (படம் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முடிவு வரை சொல்லாமல் இதைப் பேச முடியாது.)

முதலில், வேடம் எங்கே மாறுகிறது என்ற கேள்வி. ஏஜென்ட் சூ-ஹியூன் (லீ பியுங்-ஹுன்) கொலைகாரன் கியுங்-சுல்லை (சோய் மின்-சிக்) முதல்முறை பிடிக்கும்போதே கொன்றிருக்கலாம். கொல்லாமல், இருக்கும் இடத்தையும் பேச்சையும் காட்டிக்கொடுக்கும் ஒரு சின்னக் கருவியை அவன் வயிற்றுக்குள் இறக்கி அனுப்பிவிடுகிறான். அந்த நிமிஷத்திலிருந்து சூ-ஹியூனுக்கு எல்லாம் தெரியும், கியுங்-சுல்லுக்கு எதுவும் தெரியாது. தன்னை யார் அடிக்கிறார்கள், எப்படி மிகச்சரியாக வந்து நிற்கிறார்கள் என்றுகூட அவனுக்குப் புரிவதில்லை. அடிதடியில் சூ-ஹியூனின் கைதான் ஓங்கியிருக்கிறது; ஆனாலும் யாருக்கு என்ன தெரியும் என்பதில்தான் வேட்டைக்காரனும் இரையும் பிரிகிறார்கள்.

அதனால் வேடம் மாறுவதற்கு ஒரு பெரிய சண்டைக் காட்சி தேவைப்படவில்லை. மயங்கிக் கிடப்பதாக எல்லோரும் நினைக்கும் கியுங்-சுல்லின் காதில் கருவியைப் பற்றிய பேச்சு விழுகிறது. அவ்வளவுதான். அவன் அதை வயிற்றிலிருந்து வெளியேற்றி, வேறொருவனிடம் சேர்த்துவிடுகிறான். சூ-ஹியூன் சிக்னலைத் துரத்திக்கொண்டு போய்ச் சம்பந்தமில்லாத ஆளிடம் நிற்கிறான். இப்போது கியுங்-சுல் எங்கே இருக்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் சூ-ஹியூனுக்கு வேண்டியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கியுங்-சுல்லுக்குத் தெரியும். நீங்கள் தேடிய இடம் இதுதான்.

ஆனால் உங்கள் கோபம் அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது, இல்லையா? அதற்குக் காரணம், அந்த இருவரில் யாருமே உண்மையான இரை இல்லை என்பதுதான். பூனை எலியைப் பிடித்துப் பிடித்து விடும்போது வலி எலிக்கு மட்டும்தான். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு முறை கியுங்-சுல் அவிழ்த்துவிடப்படும்போதும் அவன் வழியில் இன்னொருவர் வந்து மாட்டுகிறார். கிளினிக்கில் அவனிடம் மாட்டும் நர்ஸை நினைத்துப் பாருங்கள். அவள் அனுபவிக்கும் பயத்துக்கு கியுங்-சுல் பொறுப்பு. அவன் நடமாடுகிறான் என்பதற்கு சூ-ஹியூன் பொறுப்பு. சூ-ஹியூன் சரியான நேரத்துக்கு வந்து காப்பாற்றுகிறான், நாமும் மூச்சு விடுகிறோம். ஆனால் அந்த அறைக்குள் ஆபத்து நுழைய வழிவிட்டதே அவன்தான். 'போதும், நிறுத்துங்கள்' என்று சூ-ஹியூனிடம் கேட்ட மச்சினியின் (இறந்த பெண்ணின் தங்கை) சாவில் அந்தக் கணக்கு முழுசாக வந்து நிற்கிறது.

இதை கியுங்-சுல்லின் நண்பன், மனித மாமிசம் தின்னும் அந்த ஆள், சரியாகப் பிடித்துவிடுகிறான். பிடித்துப் பிடித்து விடுகிறவன் வேட்டையை ரசிக்கிறவன், நம்மைப் போன்றவன் என்கிற பொருளில் பேசுகிறான். சூ-ஹியூனைப் பற்றிய உண்மை அவ்வளவு கேவலமான ஒருவன் வாயிலிருந்து வருவதுதான் என்னை மிகவும் தொந்தரவு செய்தது.

கிளைமாக்ஸையும் இப்படித்தான் நான் பார்க்கிறேன். அதுவரை மற்றவர்கள் பட்டதெல்லாம் சூ-ஹியூனின் அலட்சியத்தால். முடிவில் அது திட்டமாகவே ஆகிறது. கியுங்-சுல்லின் வயதான பெற்றோரும் மகனும் வந்து கதவைத் திறந்தால் கியுங்-சுல்லின் கழுத்தில் கத்தி இறங்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறான். அந்தப் பையன் என்ன தப்பு செய்தான்? அப்பாவைக் கொன்ற கதவைத் திறந்தோம் என்று அவன் மிச்ச வாழ்க்கையைக் கழிக்க வேண்டும். வலியும் பயமும் தெரியாது என்று சொல்பவனைத் தண்டிக்க, வலி தெரிந்த மூன்று பேரைக் கருவியாக்குகிறான். சூ-ஹியூன் அங்கே தோற்கிறான். அழுதுகொண்டே அவன் நடந்துபோவதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது, ஆனால் அவன் பக்கம் நிற்க முடியவில்லை.

படத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. பெண்கள் துன்புறும் காட்சிகளில் கேமரா தேவைக்கு மேல் நிற்கிறது. தென் கொரியத் தணிக்கையில் சிக்கி, வெட்டுகளுக்குப் பிறகே படம் திரைக்கு வந்தது. வெட்டியது சரியா என்பது வேறு பேச்சு. ஆனால் அந்தப் பெண்களுக்கு வலியைத் தாண்டி ஒரு முகமோ பேச்சோ கொடுத்திருந்தால், சூ-ஹியூன் மேல் நமக்கு வரும் கோபம் இன்னும் சீக்கிரம் வந்திருக்கும்.

அந்தக் குறை குறைவாக உள்ள படம் வேண்டுமென்றால் நா ஹோங்-ஜின் 2008இல் எடுத்த 'தி சேஸர்' பாருங்கள். அதில் கொலைகாரன் சீக்கிரமே போலீஸில் மாட்டிவிடுகிறான், கொன்றதாகவும் ஒப்புக்கொள்கிறான். ஆனாலும் சாட்சியம் இல்லாமல் அவனை வைத்திருக்க முடியவில்லை. எங்கேயோ அடைபட்டு உயிரோடு இருக்கும் மி-ஜின் என்ற பெண்ணை நாம் ஒரு நிமிஷம்கூட மறப்பதில்லை. ஆண்கள் துரத்திக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அவளுடைய நேரம். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.