கொட்டையா, விதையா? ஸ்டோன் ஃப்ரூட் கேள்வி-பதில்

கேள்வி: சமையல் குறிப்புகளில் 'ஸ்டோன் ஃப்ரூட்' என்று போடுகிறார்களே, அது எந்தப் பழம்?

தனிப் பழம் இல்லை, ஒரு வகையின் பெயர். சதைக்கு நடுவே கல் மாதிரி ஒரு கொட்டை இருக்கும். சமையல் குறிப்பில் வந்தால் பெரும்பாலும் பீச், நெக்டரின், பிளம், ஆப்ரிகாட், செர்ரிதான். எல்லாம் புரூனஸ் என்ற ஒரே பேரினம். நெக்டரின் என்பதே மேலே பூனைமுடி இல்லாத பீச்தான்.

கேள்வி: அப்படியானால் மாம்பழம்?

தாராளமாகச் சேரும். தாவரவியலில் இந்த வகையை ட்ரூப் என்பார்கள். கனியின் சுவர் மூன்று அடுக்கு: வெளியே தோல், நடுவே சதை, உள்ளே கெட்டியான ஓடு. அந்த ஓடுதான் 'கல்'. விதை அதற்கும் உள்ளே இருக்கிறது. கொட்டையே விதை என்று எடுத்துக்கொள்வதால்தான் இத்தனை குழப்பம். இத்தனைக்கும் நம் பேச்சு இதைச் சரியாகவே பிரித்து வைத்திருக்கிறது: மாங்கொட்டையை உடைத்தால் மாம்பருப்பு. பருப்புதான் விதை.

தேங்காயும் இதே கணக்குதான். நார் நடு அடுக்கு, சிரட்டை 'கல்', நாம் துருவுவது விதையை. பாதாமில் சதையை விட்டுவிட்டு, ஓட்டை உடைத்து விதையைத் தின்கிறோம். ஆலிவும் ட்ரூப்தான். ராஸ்பெர்ரியில் ஒவ்வொரு மணியும் ஒரு குட்டி ட்ரூப்!

கேள்வி: பேரீச்சம்பழத்திலும் அவகாடோவிலும்கூட ஒற்றைக் கொட்டைதானே?

ஆமாம், ஆனால் உடைத்துப் பாருங்கள். தனி ஓடும் அதற்குள் பருப்பும் கிடைக்காது. கொட்டை முழுவதுமே விதை. அதனால் தாவரவியலில் இரண்டும் பெர்ரி. ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே இல்லை என்பதையும் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், விட்டுவிடுகிறேன்.

கேள்வி: சில பீச்சில் கொட்டை சட்டென்று கழன்று வருகிறது, சிலவற்றில் ஒட்டிக்கொள்கிறது. சரியாகப் பழுக்கவில்லையா?

அது ரகத்தைப் பொறுத்தது. கழல்வது ஃப்ரீஸ்டோன், ஒட்டுவது கிளிங்ஸ்டோன். நறுக்கிப் போட முதல் ரகத்தை வாங்குங்கள்.

கேள்வி: ஆப்ரிகாட் பருப்பு பாதாம் மாதிரியே இருக்கிறது. சாப்பிடலாமா?

வேண்டாம். அதில் அமிக்டலின் இருக்கிறது. மென்றால் அதிலிருந்து சயனைடு உண்டாகும். நாம் வழக்கமாகத் தின்னும் இனிப்புப் பாதாமில் அது மிகமிகக் குறைவு, கசப்புப் பாதாமில் அதிகம். தெரியாமல் ஒரு செர்ரிக் கொட்டையை முழுசாக விழுங்கிவிட்டால் நஞ்சுக்குப் பயப்பட வேண்டாம், ஓடு உடையாமல் அப்படியே வெளியேறிவிடும். சிறு குழந்தைகளுக்கு மட்டும் கொட்டையை எடுத்துவிட்டே கொடுங்கள், தொண்டையில் சிக்கும்.