பாலி கெரிஸ் உருவங்கள்: நாகமா, சிங்கமா, அனுமனா?

கேள்வி: பாலித் தீவின் கெரிஸ் (குத்துவாள்) ஒன்றில், அலகின் அடியில் வாய் பிளந்த ஒரு உருவம். நாகமா, சிங்கமா? எப்படிச் சொல்வது?

பதில்: முகத்தை நம்பாதீர்கள். இரண்டுக்கும் கோரைப்பல், பிதுங்கிய கண் உண்டு. உடம்பு எங்கே போகிறது என்று பாருங்கள். உருவம் அமர்ந்திருக்கும் இடம் ‘கண்டிக்’. அலகின் அடியில், முன்பக்கம் தடித்த பகுதி. நாகம் என்றால் பெரும்பாலும் தலையில் கிரீடம் இருக்கும். உடல் அலகின் நடுவே ஏறி, அலகு வளையும் இடத்திலெல்லாம் தானும் வளைந்து நுனியை நோக்கி ஓடும். இது நாகசஸ்ரா வகை. தலை மட்டும் இருந்து உடல் காணாமல் போனால் நாக சிலுமன். சிங்கம் (சிங்க பாரோங்) கண்டிக்கைத் தாண்டாது. முன்னங்கால் ஊன்றி அங்கேயே உட்கார்ந்திருக்கும், பிடரி தெரியும்.

படம் எடுக்கும்போது ஃப்ளாஷ் வேண்டாம். பக்கவாட்டிலிருந்து சாய்வாக வெளிச்சம் விழுந்தால்தான் தேய்ந்த செதிலும் பிடரியும் புலப்படும்.

கேள்வி: என்னுடையதில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. யானை உருவம்தானே?

பதில்: இல்லை. அது ‘கெம்பாங் காச்சாங்’ என்ற அலங்காரச் சுருள். உருவம் எதுவும் செதுக்காத சாதாரணக் கெரிஸிலும் வரும். அதன் கீழே நீட்டியிருக்கும் சிறு முட்களுக்கு ‘லம்பே கஜா’, அதாவது யானை உதடு என்று பெயர் இருப்பதால் குழப்பம் கூடுகிறது. கண், காது, தந்தம் இல்லையென்றால் யானை என்று எழுதாதீர்கள்.

கேள்வி: கைப்பிடியில் கட்டைவிரல் நகம் நீண்ட உருவம். அனுமன் என்று விற்றவர் சொன்னார்.

பதில்: நகம் மட்டும் போதாது. ‘பஞ்சநகா’ எனும் அந்த நகம் வாயு பகவானுக்கும் உண்டு, பீமனுக்கும் உண்டு. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அரையாடையும் அப்படித்தான். குரங்கு மூஞ்சியும் முதுகை ஒட்டி ஏறும் வாலும் இருந்தால் அனுமன். வால் இல்லாமல், அரக்க முகத்தோடு கையில் அமிர்தக் குடம் ஏந்தியிருந்தால் பாயு, அதாவது வாயு. கோரைப்பல்லைக் கண்டதும் ‘ராவணன்’ என்பது கடைக்காரர் பழக்கம்; உறுதி இல்லாதபோது ‘தொகோகன்’ (உருவப் பிடி) என்று மட்டும் குறித்துக்கொள்வதே நேர்மை.

கேள்வி: பூச்சி மாதிரி ஒரு பிடி?

பதில்: கொச்செட்-கொச்செட்டான். பூச்சி வடிவத்தைச் சுருக்கிக் கோடுகளாக்கியது.

கேள்வி: பிடியில் சிங்கம், அலகில் நாகம். ஒத்துப்போகவில்லையே?

பதில்: ஒத்துப்போக வேண்டியதில்லை. அலகின் வால்கம்பியில் (பிடிக்குள் நுழையும் கம்பி) நூலோ துணியோ சுற்றி, அதன்மேல் பிடியை இறுக்கியிருப்பார்கள். காலப்போக்கில் பிடி மாறுவது சாதாரணம். அதனால் இரண்டையும் தனித்தனியே அடையாளம் காணுங்கள். கழற்றிப் பார்க்க நினைத்தால் மெல்லத் திருகுங்கள்; வெடுக்கென்று இழுத்தால் துருப்பிடித்த கம்பி முறிந்து பிடிக்குள்ளேயே தங்கிவிடும்.

கேள்வி: நாகம் பிற்காலத்தில் செதுக்கியதா என்று எப்படித் தெரியும்?

பதில்: நாகம் வேண்டும் என்றால், அலகை அடிக்கும்போதே அதற்கான தடிமனைக் கொல்லர் விட்டுவைப்பார். பிறகு குடைந்ததில் நாகத்தைச் சுற்றி இரும்பு பள்ளமாக மெலிந்திருக்கும். பமோர் (உலோக அடுக்குகளால் அலகில் தெரியும் கோலம்) கோடுகள் உருவத்தின் ஓரத்தில் பொருத்தமில்லாமல் அறுந்து நிற்கும். தலையை மட்டும் ஒட்டவைத்ததும் உண்டு. லென்ஸில் கழுத்தைச் சுற்றிப் பாருங்கள். பற்றவைத்த கோடு அங்கேதான் தெரியும். பித்தளையில் வார்த்த தலை என்றால் காந்தம் ஒட்டாது.

வளைவையும் எண்ணுங்கள். இரு விளிம்பிலும் மாறி மாறி, அடியிலிருந்து நுனிவரை. மரபுப்படி எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை. இரட்டை வந்தால் முதலில் திரும்ப எண்ணுங்கள், அடுத்து நுனி உடைந்து தீட்டப்பட்டதா என்று பாருங்கள்.

கேள்வி: தங்கப் பூச்சு மங்கியிருக்கிறது. பாலிஷ் போடலாமா?

பதில்: வேண்டாம். செதிலின் மேடுகளில் இருக்கும் தங்கம்தான் முதலில் போகும். அதோடு அடையாளமும் போய்விடும். உலர்ந்த மென்தூரிகை போதும். அலகை வெறுங்கையால் தேய்க்காதீர்கள்: பமோர் தெரிவதற்காகப் பூசும் ‘வரங்கான்’ ஆர்சனிக் கலந்தது. கையுறை கட்டாயம்.