கோத்தகிரியில் பழைய யூனிகார்ன் எடுக்கலாமா?

வணக்கம் நண்பரே. 2017 ஹோண்டா யூனிகார்ன் பைக், 42,000 கிலோமீட்டர், கோத்தகிரியிலேயே ஓடிய வண்டி, எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மீட்டரை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். மலை வண்டியில் சீக்கிரம் தேய்வது கிளட்சும் பிரேக்கும்தான்.

காலையிலேயே போய் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் குளிரில் சோக் போட்டு எடுப்பது குறையே இல்லை. சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, வேண்டாம்.

அப்புறம் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முறுக்கிப் பாருங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் போய்விட்டது. மாற்றக்கூடியதுதான், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். வண்டி ஆறியதும் முன் டிஸ்க்கின் ஓரத்தை விரலால் தடவுங்கள். வரப்பு மாதிரி தட்டுப்பட்டால் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. ஹேண்டில் ஒரு பக்கமாக இழுத்தால் விழுந்த வண்டியாக இருக்கலாம், அங்கே ரொம்ப கவனம்.

ஆர்சியில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியோடு ஒப்பிடுங்கள். அதில் கடன் பதிவு இருந்தால், கடன் கொடுத்தவரின் என்ஓசி (தடையில்லாச் சான்று) கைக்கு வரும் வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும்.