கடை வைஃபை, ஸ்டேஷன் வைஃபையில் ஜிபே, பேங்க் ஆப் திறக்கலாமா?

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் கடைகளில் கிடைக்கும் வைஃபையிலும் ரயில்வே ஸ்டேஷன் வைஃபையிலும் பணம் அனுப்பலாமா, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பாஸ்வேர்டை எடுத்துவிடுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பக்கத்து ஆள் பாஸ்வேர்டைக் காற்றிலேயே பிடிப்பது இன்று சுலபமில்லை. 2010இல் ஃபயர்ஷீப் என்ற பிரவுசர் நீட்சி வந்தபோது, ஒரே வைஃபையில் இருந்தவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஓரிரு கிளிக்கில் நுழைய முடிந்தது. பல தளங்கள் அப்போது லாகின் பக்கத்தை மட்டுமே மறையாக்கம் (என்கிரிப்ஷன், அதாவது பிறர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றுவது) செய்தன. இப்போது பேங்க், மெயில், வாட்ஸ்அப் எல்லாமே முழுக்க மறையாக்கத்தில்தான் ஓடுகின்றன. யுபிஐ பின் நம்பரும் ஃபோனிலேயே மறையாக்கப்பட்ட பிறகுதான் வெளியே போகிறது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது மட்டும் பெரும்பாலும் வெளியே தெரியும். இன்றைய ஆபத்து போலி நெட்வொர்க்கிலும் போலி லாகின் பக்கத்திலும்தான் இருக்கிறது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். சுவரில் பாஸ்வேர்டு ஒட்டியிருக்கும் கடை வைஃபை பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் ஒவ்வொரு ஃபோனுக்கும் மறையாக்கத்துக்கான தனிச் சாவி உண்டாவது உண்மைதான். ஆனால் அந்தச் சாவி பாஸ்வேர்டு, நெட்வொர்க்கின் பெயர், இணையும் நொடியில் ஃபோனும் ரவுட்டரும் மறையாக்கம் இல்லாமல் பரிமாறும் எண்கள் ஆகியவற்றிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. பாஸ்வேர்டு தெரிந்த எவரும் அந்த நொடியைப் பிடித்தால் உங்கள் சாவியைக் கணக்கிட்டுவிடலாம். நீங்கள் முன்பே இணைந்திருந்தால்? பொய்யான துண்டிப்புச் செய்தி ஒன்றை அனுப்பி, உங்கள் ஃபோனை மறுபடி இணைய வைப்பார்கள். அடுத்து வந்த டபிள்யூபிஏ3 முறை இந்த ஓட்டையை அடைக்கிறது, ஆனால் பழைய ரவுட்டர்களில் அது கிடையாது. ஆகவே சுவரில் ஒட்டிய பாஸ்வேர்டைத் பாஸ்வேர்டே இல்லாத திறந்த வைஃபைக்குச் சமமாகவே எண்ணுங்கள். கடை உங்களுடையது என்றால், வாடிக்கையாளருக்குத் தனியாக கெஸ்ட் நெட்வொர்க் கொடுங்கள். ரவுட்டரில் 'ஏபி ஐசொலேஷன்' இருந்தால் போடுங்கள். ஒரு ஃபோன் இன்னொரு ஃபோனை நேரடியாக அணுகுவதை அது தடுக்கும்.

அடுத்தது போலி நெட்வொர்க். வைஃபையின் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஸ்டேஷன் வைஃபையின் பெயரிலேயே ஒருவர் ஹாட்ஸ்பாட் போட்டால், முன்பு அதில் இணைந்த உங்கள் ஃபோன் கேட்காமலே ஒட்டிக்கொள்ளக்கூடும். வேலை முடிந்ததும் வைஃபை பட்டியலில் அந்தப் பெயரைத் தொட்டு 'ஃபர்கெட்' கொடுத்துவிடுங்கள். அடிக்கடி போகும் இடம் என்றால் ஆண்ட்ராய்டில் அந்த நெட்வொர்க்கின் 'ஆட்டோ கனெக்ட்', ஐஃபோனில் 'ஆட்டோ ஜாயின்' இரண்டையும் அணைத்தால் போதும்.

ஸ்டேஷன்களில் உள்ள ரயில்வயர் என்ற இலவச வைஃபை இணைப்புக்கு மொபைல் நம்பரும் ஓடிபியும் போதும். ஆதார், பான், மெயில் பாஸ்வேர்டு, யுபிஐ பின் எதைக் கேட்டாலும், 'இந்த ஆப்பை இறக்கினால்தான் நெட் வரும்' என்றாலும் பக்கத்தை மூடிவிடுங்கள். ஓடிபி வந்தவுடன் எண்ணை மட்டும் பார்த்து அடிக்காமல், எஸ்எம்எஸ்ஸை முழுதாகப் படியுங்கள். நீங்கள் கொடுத்த நம்பரை வைத்து, அதே நொடியில் போலிப் பக்கத்துக்காரர் வாட்ஸ்அப் பதிவைத் தொடங்கியிருக்கலாம். 'வாட்ஸ்அப் கோடு' என்றோ பேங்க் பெயரோ அதில் இருந்தால், அந்த எண்ணைப் போட்ட கணமே கணக்கு கைமாறிவிடலாம். இதற்காகவே வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டு வைக்கச் சொல்கிறேன்; அதில் நீங்கள் வைக்கும் ரகசிய பின் (PIN) நம்பர் இல்லாமல் ஓடிபி மட்டும் போதாது.

'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்று பிரவுசர் சொன்னால் 'அட்வான்ஸ்டு' போய்த் தொடராதீர்கள். வைஃபை லாகின் முடியாத நிலையில் பேங்க் தளத்தைத் திறந்தாலும் இதே எச்சரிக்கை வரும். ஃபோனில் தேதி தவறாக இருந்தாலும் வரும். மறையாக்கம் இல்லாத தளமான நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் (neverssl.com) என்று பிரவுசரில் அடித்தால் லாகின் பக்கம் தானாக வரும், முடித்துவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் எச்சரிக்கை போகவில்லை என்றால் அந்த வைஃபையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சரி, ஜிபே போடலாமா? வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் போடுங்கள். திருட்டு மட்டும் காரணமில்லை. கூட்ட நேரத்தில் ஸ்டேஷன் வைஃபை பாதியில் அறுந்தால் பணம் 'பெண்டிங்'கில் மாட்டிக்கொள்ளும்.

ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் அமைப்பில் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கிறது. அதில் டிஎன்எஸ் டாட் கூகுள் (dns.google) என்று போட்டால், தளப் பெயரைத் தேடும் கேள்விகளும் மறைந்துவிடும். சில இடங்களில் இதனால் லாகின் பக்கம் திறக்காது. அப்போது 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி, லாகின் முடித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். உங்கள் இணையப் போக்குவரத்தை மறையாக்கி வேறொரு நிறுவனத்தின் வழியாக அனுப்பும் விபிஎன் நல்லதுதான், ஆனால் பெயர் தெரியாத இலவச விபிஎன் வேண்டவே வேண்டாம். கடைக்காரரிடம் இருந்த நம்பிக்கையை முன்பின் தெரியாதவரிடம் மாற்றிக் கொடுப்பது தவிர அதில் வேறொன்றுமில்லை. லேப்டாப் என்றால் விண்டோஸில் நெட்வொர்க்கை 'பப்ளிக்' என்று வையுங்கள்.

என் கணிப்பில் வைஃபையைவிட ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில்தான் விவரங்கள் அதிகம் கசியும். பிரின்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்தால், கடையை விட்டு இறங்கும் முன் 'லிங்க்டு டிவைசஸ்' பார்த்து லாக் அவுட் செய்யுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் உங்கள் ஃபைலை அழிக்கச் சொல்லுங்கள். முழு ஆதார் தேவையில்லாத இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால், முதல் வேலை சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைப்பது. நேரம் போகப் போகப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துவிடும், பிறகு முடக்குவது கடினம். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.