சிவப்பழகு கிரீமும் சிறுநீரகமும்

கேள்வி: எனக்கு வயது 27. உறவினர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த சிவப்பழகு கிரீமை நான்கு மாதங்களாக இரவில் பூசி வருகிறேன். நிறம் நன்றாக மாறியிருக்கிறது. டப்பாவில் தயாரிப்பாளர் முகவரி இல்லை. இத்தகைய கிரீம்களில் பாதரசம் இருக்கும் என்கிறார்கள். இரண்டு வயது மகள் என்னுடன்தான் உறங்குகிறாள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இன்று இரவே நிறுத்திவிடுங்கள். நிறம் இப்படி வெளுத்தது எனக்கு நிம்மதியைத் தரவில்லை, கவலையைத்தான் தருகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதற்குத் தேவையான நொதியைப் பாதரசம் முடக்குகிறது. அவ்வாறு வேலை செய்யும்போதே தோல் வழியாக உடலுக்குள் நுழைந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதாகிப் புரதம் வெளியேறும் ஒருவகை நோயுடன் வந்த 15 பேரில் 13 பேர் இத்தகைய கிரீம்களைப் பூசியவர்கள் என்பதை அங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கிரீமை நிறுத்திய பின் தேறினர் என்பது உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஆறுதலான செய்தி.

சிறுநீர் நுரைத்துப் போகிறதா, காலையில் இமைகளோ மாலையில் கணுக்காலோ வீங்குகிறதா என்று கவனியுங்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்) ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்; சிறுநீரில் பாதரச அளவு பார்க்க வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். டப்பாவை எறிந்துவிடாமல், இறுக மூடி, பிளாஸ்டிக் பையில் கட்டி அவரிடம் எடுத்துச் செல்லுங்கள். இத்தகைய கிரீம்களில் ஸ்டீராய்டும் கலந்திருப்பதுண்டு. அவ்வாறிருந்தால், நிறுத்திய சில நாட்களில் முகம் சிவந்து எரியக்கூடும். அதற்குப் பயந்து மறுபடியும் பூசாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பாதரசம் பூசியவரோடு நிற்பதில்லை; கை, தலையணை, துண்டு வழியாகவும் ஆவியாகவும் வீட்டிலுள்ளவர்களைச் சென்றடையும். எனவே தலையணை உறைகளையும் துண்டுகளையும் தனியாகத் துவையுங்கள், அறையின் சன்னல்களைத் திறந்து வையுங்கள், மகளையும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் கருவுற்றிருந்தாலோ பாலூட்டினாலோ அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தியாவின் 2020 ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, கண் பகுதிக்கானவை தவிர மற்ற அழகுசாதனங்களில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சட்டத்தை மீறுபவர்கள் பாதரசம் கலந்திருப்பதை உறையில் அச்சிடுவதில்லை. ஆகவே உற்பத்தி உரிம எண்ணோ இறக்குமதிப் பதிவு எண்ணோ, தயாரிப்பாளர் முகவரியோ, உட்பொருள் பட்டியலோ இல்லாத எதையும், யார் கொடுத்தாலும், முகத்தில் பூசாதீர்கள். அந்த உறவினரும் இதே கிரீமைப் பூசுகிறார் என்றால் அவரையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.